வி.எம் ஓட்டிய பிறகு கணினி அணைய மறுக்கிறதா? தேங்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ ஒரு லினக்ஸையோ இன்னொரு விண்டோஸையோ வி.எம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) ஆக ஓட்டி முடித்து, கணினியை அணைக்கப் போனால் ‘ஷட்டிங் டவுன்’ வட்டம் மூன்று நிமிடம் சுற்றுகிறது. வி.எம் திறக்காத நாளில் அதே கணினி பதினைந்து நொடியில் அணைந்துவிடும். இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது. அதைத் தொடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

நம் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் கணினியை கெஸ்ட் என்றும் சொல்கிறோம். அந்த மூன்று நிமிடமும் ஹோஸ்ட் சும்மா நிற்பதில்லை. கெஸ்ட்டின் நினைவகத்தை வட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம், கெஸ்ட் தானாக அணையட்டும் என்று காத்திருக்கலாம், வீங்கிப்போன பேஜ் ஃபைலை (நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் கோப்பை) அழித்துக்கொண்டிருக்கலாம். எந்த வேலை என்று தெரிந்துவிட்டால், அதை ஷட்டவுனுக்கு முன்பே முடித்துவிடலாம், அல்லது வராமலே செய்துவிடலாம். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 ஹோஸ்ட்டை மனதில் வைத்து எழுதியவை. லினக்ஸ் ஹோஸ்ட் கடைசிப் பகுதியில்.

முதலில் அளக்க வேண்டும்

கைபேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு மூன்று முறை அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஷட்டவுனை அழுத்திய நொடியிலிருந்து விளக்கும் மின்விசிறியும் நிற்கும் நொடி வரை அளக்க வேண்டும். திரை கருப்பானதும் நிறுத்திவிடக் கூடாது.

1. கணினியைப் புதிதாகத் தொடங்கி, வி.எம் மென்பொருளைத் திறக்காமல், வழக்கமான வேலை கொஞ்சம் செய்துவிட்டு அணையுங்கள்.
2. வி.எம்-ஐ அரை மணி நேரம் ஓட்டி, கெஸ்ட்டை அதன் உள்ளிருந்தே அணைத்து, மென்பொருளின் சாளரத்தையும் மூடி, பிறகு ஹோஸ்ட்டை அணையுங்கள்.
3. வி.எம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்ட்டை அணையுங்கள். இதற்குப் பழைய வி.எம் ஒன்றையோ, நகலெடுத்து வைத்த ஒன்றையோ பயன்படுத்துங்கள்.

முதல் முறையே தாமதமானால் வி.எம் மீது பழி போட வேண்டாம். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. மூன்றாவது மட்டும் தாமதமானால் ஓடும் கெஸ்ட்டை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அது எளிது. இரண்டாவதும் தாமதமானால் நினைவகம், வட்டு, டிரைவர் என்று கொஞ்சம் தோண்ட வேண்டியிருக்கும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘இந்தச் செயலி அணைப்பதைத் தடுக்கிறது’ என்ற பட்டியல் திரையில் வந்து நின்றால், மூடப்படாத செயலி ஒன்று இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் அங்கே ‘விர்ச்சுவல்பாக்ஸ் இன்டர்ஃபேஸ் ஹேஸ் ஆக்டிவ் கனெக்ஷன்ஸ்’ என்று வரும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் சர்வீஸ்களோ (பின்னணியில் ஓடும் நிரல்கள்) வட்டில் எழுதும் வேலையோ காரணம். திரை கருப்பாகி மின்விசிறி மட்டும் ஓடினால் டிரைவர், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பக்கம் போக வேண்டும்.

வட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விண்டோஸையே சொல்ல வைக்கலாம். ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → சிஸ்டம் என்ற இடத்தில் ‘டிஸ்ப்ளே ஹைலி டீடெய்ல்டு ஸ்டேட்டஸ் மெசேஜஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். அடுத்த முறை அணைக்கும்போது வெறும் ‘ஷட்டிங் டவுன்’ வராது; எந்தப் படியில் நிற்கிறது என்று எழுத்தில் வரும்.

ஈவென்ட் வியூவர்

ஊகம் செய்வதை இங்கே நிறுத்திக்கொள்ளலாம். கணினியில் நடப்பதை விண்டோஸ் பதிந்துவைக்கும் குறிப்பேட்டைக் காட்டுவது ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் → ஆபரேஷனல். இதில் 200 என்ற எண் கொண்ட பதிவு மொத்த ஷட்டவுன் நேரத்தை மில்லிநொடியில் சொல்லும். 201 வந்தால் ஒரு செயலி தாமதப்படுத்தியிருக்கிறது. 202 என்றால் ஒரு சாதனம். 203 என்றால் ஒரு சர்வீஸ். பெயரும் அதிலேயே இருக்கும். எல்லா ஷட்டவுனுக்கும் இந்தப் பதிவு வந்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்; இல்லாவிட்டால் அடுத்த இடம் பாருங்கள்.

விண்டோஸ் லாக்ஸ் → சிஸ்டம் பகுதியில், அணைக்கச் சொன்ன நேரத்தை 1074 காட்டும். ஈவென்ட் லாக் சர்வீஸ் நின்ற நேரத்தை 6006 காட்டும். இரண்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியில் உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 7043 என்ற எண் தெரிந்தால் அதிர்ஷ்டம்தான்: முன்னறிவிப்பு கொடுத்தும் ஒழுங்காக நிற்காத சர்வீஸின் பெயரை அது அப்படியே சொல்லிவிடும். 6006 சீக்கிரம் வந்துவிட்டு, அதன் பிறகு கணினி நிமிடக்கணக்கில் ஓடியிருந்தால் சர்வீஸ்கள் குற்றவாளி இல்லை.

மூடியதாக நினைத்த வி.எம் மூடியிருக்காது

இரண்டாவது சோதனை தாமதமாகும் கணினிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சாளரம் போய்விட்டதால் வி.எம்-உம் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் எடிட் → ப்ரெஃபரன்சஸ் → வொர்க்ஸ்பேஸ் பகுதியில், சாளரத்தை மூடினாலும் வி.எம்-களைத் தொடர்ந்து ஓட விடும் தேர்வு ஒன்று உண்டு. அதில் டிக் இருந்தால், மென்பொருளை மூடிய பிறகும் கெஸ்ட் பின்னணியில் முழு நினைவகத்துடன் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸில் ஹெட்லெஸ் ஸ்டார்ட் (சாளரம் இல்லாமல்), டிடாச்சபிள் ஸ்டார்ட் (சாளரத்தைத் தனியாக மூட முடியும்படி) என்று தொடங்கிய வி.எம்-களும் இப்படித்தான். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவலைத் திறந்து பாருங்கள். விஎம்வேர் என்றால் ‘விஎம்வேர்-விஎம்எக்ஸ்’, விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் ‘விர்ச்சுவல்பாக்ஸ்விஎம்’ அல்லது ‘விபாக்ஸ்ஹெட்லெஸ்’, விண்டோஸிலேயே உள்ள வி.எம் வசதியான ஹைப்பர்-வி என்றால் ‘விஎம்டபிள்யூபி’ என்ற பெயர் தெரிந்தால் கெஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் ‘விபாக்ஸ்எஸ்விசி’ மட்டும் மூடிய பிறகும் சில நொடி தங்கிவிட்டுப் போகும், அது இயல்பு. எல்லா வி.எம்-களும் நின்ற பிறகும் அது ஒரு நிமிடமாக நின்றுகொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜர் சாளரமோ வேறொரு கருவியோ அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ‘விஎம்மெம்’ என்ற பெயர் தெரியும். அதுவும் ஒரு வி.எம்தான், அமைப்பு எதையும் மாற்றாவிட்டால் கணினியின் மொத்த நினைவகத்தில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். டாக்கரை அறிவிப்புப் பகுதி ஐகானில் ‘குவிட்’ கொடுத்து முழுதாக மூடிவிட்டு, கட்டளைத் திரையில் டபிள்யூஎஸ்எல் கட்டளைக்கு ‘ஷட்டவுன்’ சுவிட்ச் கொடுத்து ஓட்டினால் அடங்கிவிடும்.

ஓடும் கெஸ்ட்டைச் சேமிக்க எவ்வளவு நேரமாகும்

ஹோஸ்ட் அணையும்போது கெஸ்ட்டை ‘சேவ் ஸ்டேட்’ (அணைக்காமல், இருக்கும் நிலையில் அப்படியே சேமித்தல்) செய்ய வைத்திருந்தால், அதன் நினைவகம் முழுவதும் வட்டுக்குப் போக வேண்டும். கணக்கு எளிது. 8 ஜி.பி. நினைவகம் கொடுத்த கெஸ்ட். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. எழுதும் என்றால் 80 நொடி. சாட்டா எஸ்.எஸ்.டி நொடிக்கு 500 எம்.பி. என்றால் 16 நொடி. வி.எம்-ஐ யு.எஸ்.பி. 2.0 வட்டில் வைத்திருந்தால், நொடிக்கு 30 எம்.பி. கிடைத்தாலே பெரிது, நாலரை நிமிடம். கெஸ்ட் பயன்படுத்தாத காலிப் பகுதிகள் சுருங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனால் நீங்கள் அளந்த நேரம் இந்தக் கணக்கை ஒட்டி வந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, கிடைத்துவிட்டது.

இதற்கு மூன்று வழி: வி.எம்-ஐ வேகமான வட்டுக்கு மாற்றுவது, கெஸ்ட்டின் நினைவகத்தைக் குறைப்பது, சேமிப்பதற்குப் பதில் அணைப்பது. டெஸ்க்டாப் லினக்ஸுக்கு 4 ஜி.பி. பெரும்பாலும் போதும், ‘இருக்கட்டுமே’ என்று 8 கொடுப்பதுதான் இங்கே செலவாக வந்து நிற்கிறது.

ஹைப்பர்-வியில் இந்த முடிவு வி.எம்-இன் செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக் ஸ்டாப் ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் இருக்கிறது. நாம் மாற்றாதவரை அது சேமிப்பதாகத்தான் இருக்கும். கெஸ்ட்டை முதலில் அணைத்துவிட்டு, அதை ‘ஷட்டவுன் த கெஸ்ட் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று மாற்றுங்கள்; ஓடும்போது மாற்ற முடியாது. இதில் இன்னொரு லாபம்: சேமிப்பதற்காகக் கெஸ்ட்டின் நினைவக அளவுக்கு வட்டில் ஒதுக்கிவைக்கும் இடமும் திரும்பக் கிடைக்கும். கெஸ்ட்டுக்குள், ஹோஸ்ட்டோடு பேச உதவும் இன்டக்ரேஷன் சர்வீசஸ் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அணையச் சொல்லும் செய்தி அதற்குப் போய்ச் சேராது.

விண்டோஸ் 10, 11-இன் ஹைப்பர்-வியில் பலர் கவனிக்காத ஒன்று, ஆட்டோமேட்டிக் செக்பாயின்ட். வி.எம் தொடங்கும்போதெல்லாம் தானாக ஒரு செக்பாயின்ட் (அந்த நேர நிலையின் பதிவு; அதன் பிறகு எழுதுவது தனி வட்டுக் கோப்புக்குப் போகும்) எடுத்து, ஒழுங்காக அணைந்ததும் அதைத் தாய் வட்டுடன் இணைக்கும். அன்றைக்குக் கெஸ்ட்டில் 20 ஜி.பி. எழுதியிருந்தால் அத்தனையும் இணைய வேண்டும். நீங்கள் ஹோஸ்ட்டை அணைக்கும் அதே நேரத்தில் அது நடந்துகொண்டிருக்கும். செட்டிங்ஸ் → செக்பாயின்ட்ஸ் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். தேவையானபோது கையால் எடுத்துக்கொள்ளலாம்.

கெஸ்ட் அணைய மறுத்தால்

ஏசிபிஐ ஷட்டவுன் என்பது கெஸ்ட்டின் பவர் பொத்தானை அழுத்துவது மாதிரி. கெஸ்ட் அதைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. விண்டோஸ் கெஸ்ட்டில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது என்பது ‘ஷட்டவுன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்லீப்’ அல்லது ‘டு நத்திங்’ என்று இருந்தால் ஹோஸ்ட் வீணாகக் காத்திருக்கும். லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் சில, உறுதிசெய்யும் பெட்டியைக் காட்டிவிட்டு யாராவது அழுத்தட்டும் என்று நிற்கும். டெஸ்க்டாப்பின் பவர் அமைப்பில் அதை நேரடியாக அணைக்கும்படி மாற்றலாம்.

கெஸ்ட் அணையத் தொடங்கி, சரியாக ஒன்றரை நிமிடம் நின்றால் அது லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் 90 நொடிக் கெடு. ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று திரையில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஹோஸ்ட்டின் பகிர்வையோ நெட்வொர்க் வட்டையோ மவுன்ட் செய்துவைத்து (இணைத்துவைத்து), நெட்வொர்க் முதலில் போய்விட்டதால் அவிழ்க்க முடியாமல் நிற்பது. கெஸ்ட்டைத் திரும்பத் தொடங்கி, ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் பார்த்தால் எந்த யூனிட் என்று பெயரோடு கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கெஸ்ட்டில் சாம்பா (லினக்ஸ் கோப்புறையை விண்டோஸோடு பகிரும் மென்பொருள்) வைத்து, அதை ஹோஸ்ட்டில் ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்திருப்பார்கள். கெஸ்ட் அணைந்ததும் எக்ஸ்ப்ளோரர் அந்த டிரைவைத் தேடித் தேடித் திணறும். வி.எம்-ஐ அணைக்கும் முன் அந்த டிரைவைத் துண்டியுங்கள். அல்லது உள்நுழையும்போது தானாக இணையும் தேர்வை எடுத்துவிடுங்கள்.

பேஜ் ஃபைலும் வட்டும்

வி.எம் எல்லாம் நின்ற பிறகும் ஷட்டவுன் தாமதமானால், குறிப்பாக 8 ஜி.பி. கணினியில் 5, 6 ஜி.பி.யைக் கெஸ்ட்டுக்குத் தாரைவார்த்திருந்தால், ஹோஸ்ட்டின் மற்ற செயலிகள் எல்லாம் பேஜ் ஃபைலுக்குத் தள்ளப்பட்டிருக்கும். அணைக்கும்போது ஒவ்வொரு செயலியும் மூடுவதற்காக மறுபடி நினைவகத்துக்கு வர வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் இது நத்தை வேகம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் → மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ எண்ணைப் பாருங்கள். வி.எம் ஓடும்போது அது உங்கள் நிஜ நினைவக அளவைத் தாண்டி நின்றால் கெஸ்ட்டுக்குக் கொடுத்தது அதிகம். மொத்தத்தில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இதோடு இன்னொரு கொள்கை சேர்ந்துகொண்டால் ஷட்டவுன் பல நிமிடம் இழுக்கும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசி → லோக்கல் பாலிசீஸ் → செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் பட்டியலில் ‘ஷட்டவுன்: கிளியர் விர்ச்சுவல் மெமரி பேஜ்ஃபைல்’ என்பதைப் பாருங்கள். அது எனேபிள் ஆகியிருந்தால், ஒவ்வொரு முறை அணையும்போதும் விண்டோஸ் பேஜ் ஃபைலைப் பூச்சியங்களால் நிரப்பும். வி.எம் ஓட்டாத நாளில் 2 ஜி.பி. இருக்கும் பேஜ் ஃபைல், வி.எம் ஓட்டிய நாளில் 12 ஜி.பி. ஆகியிருக்கும், அதனால்தான் வி.எம் நாளில் மட்டும் தாமதம். வீட்டுக் கணினியில் இதை டிசேபிள் செய்யலாம். அலுவலகக் கணினி என்றால் பாதுகாப்புக்காக யாரோ தெரிந்தே வைத்திருப்பார்கள். கணினிப் பிரிவிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

விஎம்வேர் விஷயத்தில், கெஸ்ட்டின் நினைவகத்துக்குப் பின்னணியாக வி.எம் கோப்புறையிலேயே ‘.விமெம்’ என்று முடியும் ஒரு பெரிய கோப்பு இருக்கும். மெதுவான வட்டில் இது ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். வி.எம்-இன் அமைப்புக் கோப்பில் ‘மெயின்மெம்.யூஸ்நேம்டுஃபைல்’ என்ற வரியைச் சேர்த்து ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால் அந்தக் கோப்பு உருவாகாது. விண்டோஸ் ஹோஸ்ட்டில் பேஜ் ஃபைல் அந்த வேலையை ஏற்கும். நிஜ நினைவகம் தாராளமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு வட்டு வேலையை இன்னொரு இடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் ‘யூஸ் ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்’ என்ற டிக் இருக்கும். ஐடிஇ கன்ட்ரோலருக்கு அது இயல்பாகவே போட்டிருக்கும், சாட்டாவுக்கு இருக்காது. அந்த டிக் இருந்தால் கெஸ்ட் எழுதியது ஹோஸ்ட்டின் கேஷில் (வட்டுக்குப் போகும் முன் தரவு தங்கும் நினைவகப் பகுதியில்) தங்கி, பின்னால் மொத்தமாக வட்டில் இறங்கும். வெளி வட்டில் வி.எம் வைத்திருப்பவர்கள் சாட்டா கன்ட்ரோலருக்கு மாறி, டிக்கை எடுத்துவிடலாம்.

வைரஸ் தடுப்பானுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் செக்யூரிட்டியின் எக்ஸ்க்ளூஷன்ஸ் (சோதிக்காமல் விட வேண்டியவை) பட்டியலில் வி.எம் கோப்புறையை மட்டும் சேருங்கள். ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் பகிரும் கோப்புறையைச் சேர்க்காதீர்கள். கெஸ்ட்டிலிருந்து வைரஸ் வருவதென்றால் அந்த வாசல் வழியாகவும் வரலாம்.

திரை கருப்பு, மின்விசிறி மட்டும் ஓடுகிறது

ரீஸ்டார்ட் கொடுத்தால் வேகமாகவும் ஷட்டவுன் கொடுத்தால் மெதுவாகவும் இருக்கிறதா? அப்படியானால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. கெர்னல் பகுதியை டிரைவர்களோடு சேர்த்து வட்டில் உறங்க வைக்கிறது. ரீஸ்டார்ட்டில் இது நடப்பதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைச் சொடுக்கிப் பாருங்கள். அது முழு அணைப்பு. வேகம் வந்துவிட்டால் கன்ட்ரோல் பேனல் → பவர் ஆப்ஷன்ஸ் → பவர் பொத்தான்களின் செயலைத் தேர்வு செய்யும் பக்கம் போய், ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி இருக்கும் கணினியில் இழப்பது சில நொடிகள்தான்.

அப்போதும் நின்றால் வி.எம் மென்பொருள் போட்ட நெட்வொர்க் அடாப்டர்களைப் பாருங்கள். விண்டோஸின் பெரிய பதிப்பு மேம்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், வி.எம் மென்பொருளை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, புதிய பதிப்பை நிறுவுவது நேரத்தை மிச்சப்படுத்தும். வி.எம் கோப்புகளை அழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யு.எஸ்.பி. சாதனத்தைக் கெஸ்ட்டுக்குக் கொடுத்திருந்தால், அணைக்கும் முன் ஹோஸ்ட்டுக்குத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

விஎம்வேரின் சர்வீஸ்களில் எல்லாவற்றையும் முடக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆதரைசேஷன் சர்வீஸை நிறுத்தினால் வி.எம் தொடங்காது. ஹோஸ்ட்டின் இணைப்பைக் கெஸ்ட்டுக்குப் பகிரும் நேட், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வீஸ்களை நிறுத்தினால் நேட் முறையில் இருக்கும் கெஸ்ட்டுக்கு இணையம் போய்விடும். தானாகத் தொடங்கும் வி.எம் இல்லாதவர்கள் ஆட்டோஸ்டார்ட் சர்வீஸை மட்டும் ‘மேனுவல்’ ஆக்கலாம்.

ரெஜிஸ்ட்ரி வைத்தியம் ஏன் வேண்டாம்

சர்வீஸ்கள் நிற்கட்டும் என்று விண்டோஸ் காத்திருக்கும் நேரமான ‘வெயிட்டுகில்சர்வீஸ்டைம்அவுட்’ மதிப்பு இன்றைய விண்டோஸில் 5000, அதாவது 5 நொடி. ஏற்கெனவே குறைவுதான். அதை 2000 ஆக்குவதாலும், செயலிகளைக் கேட்காமலே மூடவைக்கும் ‘ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ்’ மதிப்பை 1 ஆக்குவதாலும் நடப்பது ஒன்றே: பாதி எழுதிய வட்டோடு வி.எம் கொல்லப்படும். கெஸ்ட்டின் பார்வையில் அது மின்தடை. ஸ்னாப்ஷாட் (செக்பாயின்ட் போன்றது) இணைப்பு நடக்கும்போது இப்படி வெட்டினால் வட்டுச் சங்கிலியே அறுந்துபோகலாம். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் போகும்.

அதற்குப் பதில் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால், விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் ‘கன்ட்ரோல்விஎம்’ மூலம் வி.எம்-க்கு ‘ஏசிபிஐபவர்பட்டன்’ அனுப்ப வேண்டும். பிறகு ‘லிஸ்ட் ரன்னிங்விஎம்ஸ்’ காலியாகும்வரை 5 நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காலியானதும் ஹோஸ்ட்டின் ஷட்டவுன் கட்டளை. 3 நிமிடத்துக்குள் காலியாகாவிட்டால் அணைக்காமல் செய்தி காட்டி நிறுத்தும்படி எழுதுங்கள். விஎம்வேரில் ‘விஎம்ரன்’ கட்டளையின் ‘ஸ்டாப்’, கூடவே ‘சாஃப்ட்’. கெஸ்ட்டில் விஎம்வேர் டூல்ஸ் இருக்க வேண்டும். இதை குரூப் பாலிசியின் ஷட்டவுன் ஸ்கிரிப்டாகப் போட்டால் விர்ச்சுவல்பாக்ஸில் வேலை செய்யாது: அந்த ஸ்கிரிப்ட் சிஸ்டம் கணக்கில் ஓடும், உங்கள் கணக்கின் வி.எம்-கள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

லினக்ஸ் ஹோஸ்ட்

லினக்ஸின் வி.எம் கருவிகளான கேவிஎம், லிப்விர்ட் வைத்திருப்பவர்கள் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸின் அமைப்புக் கோப்பைத் திறங்கள். ‘ஆன்_ஷட்டவுன்’ மதிப்பு ‘சஸ்பெண்ட்’ என்றால் மேலே சொன்ன நினைவகக் கணக்கு இங்கும் பொருந்தும். ‘ஷட்டவுன்’ என்று மாற்றினால் ‘ஷட்டவுன்_டைம்அவுட்’ 300 நொடி வரை காத்திருக்கும். ஏசிபிஐயைக் கேட்காத ஒரே ஒரு கெஸ்ட் போதும், ஐந்து நிமிடம் காலி. ‘பேரலல்_ஷட்டவுன்’ 0 ஆக இருந்தால் கெஸ்ட்கள் வரிசையில் ஒவ்வொன்றாக அணையும். நான்கு கெஸ்ட் இருந்தால் 4 என்று வையுங்கள்.

லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் என்றால், ஈடிசி கோப்புறையின் டிஃபால்ட் துணைக் கோப்புறையில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் கோப்பில் ‘ஷட்டவுன்_யூஸர்ஸ்’, ‘ஷட்டவுன்’ என்ற இரண்டு வரிகளை நிரப்ப வேண்டும். இரண்டாவதற்கு ‘ஏசிபிஐபட்டன்’ அல்லது ‘சேவ்ஸ்டேட்’ கொடுக்கலாம்.

நினைவகம் அதிகமுள்ள லினக்ஸ் கணினியில் இன்னொன்று: வட்டில் இறங்காத தரவு கேஷில் குவிந்திருக்கும். அப்படிக் குவிய விடும் வரம்பான ‘டர்ட்டி_ரேஷியோ’ வழக்கமாக நினைவகத்தில் 20 சதவீதம், 32 ஜி.பி. கணினியில் அது சுமார் 6 ஜி.பி. வரை போகலாம். அணைக்கும் முன், குவிந்ததை வட்டில் இறக்கும் ‘சிங்க்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். அது திரும்பி வர ஒரு நிமிடம் எடுத்தால் உங்கள் தாமதம் அங்கேதான். ‘டர்ட்டி_பைட்ஸ்’ மூலம் 512 எம்.பி. போல ஒரு வரம்பு வைத்துவிடுங்கள்.

பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை விர்ச்சுவல்பாக்ஸ் அந்த வி.எம்-ஐ ‘அபார்ட்டட்’ என்று காட்டும். தொடங்கலாம், ஆனால் கெஸ்ட்டில் வட்டுச் சோதனையை முடிக்க விடுங்கள். விஎம்வேரில் வி.எம் வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் ‘விஎம்வேர்-விஎம்எக்ஸ்’ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வி.எம் கோப்புறையில் ‘.எல்சிகே’ என்று முடியும் கோப்புறைகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள். வட்டுக் கோப்புகளில் கை வைக்க வேண்டாம்.